தெற்குக் கரைக்கு ஒரு பித்தளைப் ப்ரொப்பெல்லர்

ஆரணியில் ஐம்பதை நெருங்குகிற ஒருவன் தனக்கென்று ஒரு ரிமோட் கப்பல் வாங்கினால் அதை யாரும் நம்புவதில்லை. பார்சலைப் பிரித்த அன்று எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "பேரனுக்கா?" என்றார். எனக்குப் பேரன் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். என் மகள் சென்னையில் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரியும். இருந்தாலும், பட்டுச்சேலை வியாபாரி ஒருவன் பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் காட்சிக்கு அவர் மனம் ஒரு கௌரவமான காரணத்தைத் தேடியது. "ஆமாங்க, பேரனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். பிறக்காத பேரன் பேரில் அதற்குப் பிறகு நிறைய பார்சல்கள் வந்தன.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஏரியில் ஓட்டுவேன். ஓட்டுவேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. கப்பல் என்னைவிட்டு விலகிப் போகிறவரை எல்லாம் சரியாக நடக்கும். திரும்பி என்னை நோக்கி வர ஆரம்பித்ததும் அதன் இடது எனக்கு வலதாகிவிடும். கடல் பயணங்களைப் பற்றி நான் படித்த புத்தகங்களை அடுக்கினால் அந்தக் கப்பலைவிட உயரமாக இருக்கும். ஆனால் அந்த மாலுமிகளில் ஒருவர்கூடக் கரையில் நின்றுகொண்டு கப்பல் ஓட்டியதாக நினைவில்லை. என்னுடையது ஆகாயத்தாமரைக்குள் போய் மாட்டிக்கொள்ளும். நான் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு யோசிப்பேன்.

அப்படி யோசித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறன்றுதான் என் நண்பர் அறிமுகமானார். ஒரு முழ நீளக் கப்பல் எங்கிருந்தோ மெதுவாக வந்து, என் கப்பலின் முதுகில் மூக்கை வைத்து, எருமைக் கன்றைத் தள்ளுவதுபோல் கரைக்குத் தள்ளிக்கொண்டு வந்தது. பின்னால் புளியமரத்து நிழலிலிருந்து ஒரு குரல்: "ஜோரா ஓடுது சார் உங்களுது. பிரேக்குதான் இல்ல."

அவர் செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தார். டிப்ளமா படித்தவர், என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிடப் பத்து மடங்கு பேசுகிறவர். அவருடைய கப்பல் துறைமுகத்தில் பெரிய கப்பல்களை இழுக்குமே, அந்த இழுவைப் படகின் மாதிரி. உடம்பு ஃபைபர். உள்ளே கம்பெனியில் கழித்துப் போட்ட டிரில்லிங் மெஷினின் மோட்டார். அதை அவரே செய்தது என்பதை ஒரு மணி நேரத்துக்குள் நான்கு விதமாகச் சொன்னார். என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவார், திட்டும்போதும்.

பேசிப் பார்த்ததில் அவர் வீடு எங்கள் கோயில் குளத்துக்குத் தெற்கே. என் வீடு வடக்கே. என் மாடியில் காயும் துணி அவர் மாடியிலிருந்து தெரியும். நடுவில் ஒரு குளம்தான். ஆனாலும் நாங்கள் சந்தித்துக்கொள்ள இரண்டு பேரும் வண்டியில் ஏறி ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கு வரவேண்டியிருந்தது. இது ஏன் என்று ஆரணிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் அவரவர் ஊரில் தெற்கே யார் வீடு இருக்கிறது என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் குளத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் தெப்பம் நடக்கும். ஒவ்வொரு நாள் செலவும் பூஜையும் ஒரு குடும்பத்துக்கோ ஒரு தெருவுக்கோ உரியது. அதற்கு மண்டகப்படி என்று பெயர். யாருடைய மண்டகப்படியோ அவர்கள் முன்னால் தெப்பம் நிற்கும், அவர்கள் தட்டு வாங்கப்படும், அவர்கள் பெயருக்கு அர்ச்சனை நடக்கும். மூன்று நாளும் எங்கள் தெருவுக்கும் பக்கத்துத் தெருவுக்குமாகவே இருந்தது. தெற்குத் தெருக்காரர்கள் அக்கரையிலிருந்து பார்ப்பார்கள். அவர்களுக்கும் ஒரு நாள் வேண்டும் என்று பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த முறை கூட்டத்தில் எழுந்து பேசியவர் என் நண்பர். மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது. தெருவில் அவரைத் தோளில் தூக்கினார்களாம். இதையும் அவர் நான்கு விதமாகச் சொன்னார்.

பிறகு மழை வந்தது. குளத்தின் தெற்குக் கரையில் நடைபாதை இரண்டு பக்கமும் சரிந்து விழுந்தது. நடுவிலிருந்த படித்துறை மட்டும் அப்படியே நின்றது.

தெப்பத்தை இழுப்பது கயிற்றால். ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான்கு கரையிலும் நடந்து வருவார்கள். அந்தக் கயிற்றைப் பிடிக்கும் உரிமை எங்கள் தெருவுக்கு. எத்தனை தலைமுறையாக என்று கேட்டால், கேட்பவரின் பொறுமையைப் பொறுத்துத் தலைமுறைகள் கூடும். விழாக் கமிட்டியின் தலைவர் என் பெரியப்பா மகன். நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். நல்ல மனிதர், எதையும் மறுக்கமாட்டார்; மறுக்க வேண்டியதை நடக்கமுடியாததாக ஆக்கிவிடுவார்.

"பாதை சரிஞ்சி கெடக்குது. கயிறு புடிக்கறவன் எங்க நடப்பான், தண்ணி மேலயா?" என்றார் அவர். "இந்த வருஷம் வடக்குப் பக்கமாவே போய்ட்டு வரட்டும். மூணு நாளும்தான். யாருக்கும் ஓரவஞ்சனை இல்ல."

கோயில் மண்டபத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். நண்பர் துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். அது அவர் செய்த தவறு.

"அப்ப எங்க மண்டகப்படி அன்னிக்கி சாமி உங்க பக்கம் இருக்கும், நாங்க எங்க பக்கம் இருப்போம்" என்றார் நண்பர்.

"பார்த்தா தெரியாதா இன்னா? குளம் இன்னா சமுத்திரமா?"

"படித்துறை நல்லாத்தான இருக்குது. கயித்து முனைய எங்ககிட்ட குடுங்க. நாங்க நின்ன எடத்துலருந்தே இழுத்துக்கறோம்."

அண்ணா தூணைப் பார்த்தார். "கயிறு வழக்கம் வேற, தம்பி" என்றார்.

பேச்சு இப்படிப்பட்ட இடத்துக்கு வந்தால் நான் வழக்கமாகச் செருப்பைத் தேடுவேன். அன்று ஏனோ வாய் முந்திக்கொண்டது. "கயிறே வேணாம்ணா. கப்பல்ல கட்டி இழுக்கலாம்."

"எந்தக் கப்பல்ல?" என்றார் அண்ணா. பிறகு முகம் மலர்ந்தது. "பேரனுக்கு வாங்கினியே, அதுலயா?"

அவர் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு சிக்கலைக் கவனித்தார். கயிற்றைப் பற்றி ஆயிரம் வழக்கம் உண்டு. ப்ரொப்பெல்லரைப் பற்றி ஒன்றுகூட இல்லை. கோயிலில் இருந்த எந்தப் பெரியவரும் அதை நினைத்துப் பார்த்து விலக்கி வைக்கவில்லை. கடைசியில் வியாபாரிகள் செய்வதைத்தான் அண்ணாவும் செய்தார், நிபந்தனை போட்டார். "மொதல்ல இழுக்குதான்னு எனக்குக் காட்டணும். அப்பால, ரிமோட்டு உன் கையிலதான் இருக்கணும். நம்ம தெரு கையில. தெப்பம் அந்தப் பக்கமா போகும், போற போக்குல அவங்க கற்பூரம் காட்டிக்கட்டும். நிக்கறதெல்லாம் கிடையாது. நின்னா டைமு ஆயிடும்."

வெளியே வந்து வண்டியைக் கிளப்பும்போது நண்பர் சொன்னார்: "நிக்காம போனா அதுக்குப் பேரு தரிசனம் இல்ல சார், பஸ்ஸு."

"போகவாவது சம்மதிச்சாரே."

"எங்க தெருவுல நான், சாமி நம்ம படித்துறைல வந்து நிக்கும்னு சொல்லி இருக்கறேன். என் பேச்ச நம்பித்தான் எல்லாரும் வெளியூர்ல இருக்கற சொந்தத்தையெல்லாம் வரச் சொல்லிகினு இருக்காங்க."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நின்னாதான சார் மண்டகப்படி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

தெப்பம் என்றால் பெரிய விஷயம் என்று நினைக்கவேண்டாம். காற்றடைத்த பீப்பாய்கள், மேலே பலகை, அதன்மேல் சின்ன மண்டபம், விளக்கு, உற்சவர், குருக்கள். நாதஸ்வரக் கோஷ்டி வழக்கமாக ஏறும். சாமியைவிட அவர்கள்தான் கனம் என்பதால் அவர்களைக் கரையிலேயே நிறுத்துவது என்று முடிவாயிற்று. அமைதியான தண்ணீரில் இப்படி ஒன்றை நகர்த்தப் பெரிய பலம் தேவையில்லை, விடாத பலம்தான் தேவை என்று நண்பர் சொன்னார். என் கப்பலின் ப்ரொப்பெல்லர் பிளாஸ்டிக், இரண்டே இதழ், சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது. அது வேகத்துக்கு. தண்ணீரைக் கிழித்து நுரையாக்கும், எதையும் இழுக்காது. அவருடைய இழுவைப் படகில் இருந்ததும் சின்னதுதான். எனவே உள்ளங்கை அகலத்தில் மூன்று இதழ்ப் பித்தளை ப்ரொப்பெல்லர் ஒன்றை வரவழைத்தோம். மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் நிறைய தண்ணீரைப் பின்னால் தள்ளும் ரகம்.

வாங்கியது நண்பர். முதல் தடவை மாட்டிப் பார்த்தபோது கப்பல் கம்பீரமாகப் பின்னால் போனது. ப்ரொப்பெல்லர்களில் வலம் சுற்றுவது, இடம் சுற்றுவது என்று இரண்டு ஜாதி இருப்பதைப் பார்க்காமல் ஆர்டர் போட்டிருந்தார். "சும்மா டெஸ்ட் பண்ணேன் சார்" என்று சொல்லிவிட்டு மோட்டாரின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கட்டினார். முன்னால் போனது. ஆனால் போகும்போதே கடகடவென்று நடுங்கியது. கையை வைத்தால் காலில் தெரிந்தது. வார்ப்புப் பித்தளையில் மூன்று இதழும் ஒரே கனமாக இருக்காது. கனமான இதழ் ஒவ்வொரு சுற்றிலும் ப்ரொப்பெல்லர் மாட்டிய தண்டை ஒரு பக்கம் உதைக்கும். உதைக்க உதைக்க, மோட்டாரையும் தண்டையும் இணைக்கிற இணைப்பின் திருகு கழன்றுவிடும். குளத்தின் நடுவில் கழன்றால் சாமியும் குருக்களும் அங்கேயே இருக்கவேண்டியதுதான்.

"பேலன்ஸ் பண்ணிடுங்க சார். எனக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட்டு" என்று போனில் முறையைச் சொன்னார். ஒரு தெர்மோகோல் பெட்டியில் இரண்டு பிளேடுகளை இணையாகச் செருகவேண்டும். ப்ரொப்பெல்லரின் துளையில் நேரான மெல்லிய கம்பியைச் செருகி, கம்பியை அந்த இரண்டு பிளேடின் விளிம்பில் கிடத்தவேண்டும். கனமான இதழ் தானாகக் கீழே வந்து நிற்கும். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் திருப்பி விட்ட இடத்திலேயே நின்றால் வேலை முடிந்தது. "அப்புறம் சரி பண்ணிடுங்க" என்றார். எப்படிச் சரி பண்ணுவது என்று அவர் சொல்லவில்லை. அதில் சொல்வதற்கு ஏதும் இருப்பதாக அவர் நினைக்கவில்லை. எனக்கும் கேட்பதற்கு ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

பட்டு வியாபாரத்தில் பிறந்தவன் எதையும் சேர்த்துத்தான் சரிசெய்வான். இழை அறுந்தால் முடிச்சுப் போடுவோம். தறியில் நெடுக்கு இழையான பாவு தீர்ந்தால் புதுப் பாவைப் பழைய பாவோடு இழைக்கு இழை பிணைப்போம். எடை குறைந்தால் என்ன செய்வோம் என்பது தொழில் ரகசியம். அடைமழையில் ஈரம் குடித்த பட்டை எடைபோட்டு வாங்கியவர்களுக்கு அது தெரியும். வெட்டுவது, குறைப்பது, தேய்ப்பது எல்லாம் எங்கள் வீட்டில் நஷ்டக் கணக்கில் வரும். என் கையில் கத்தரிக்கோலைப் பார்த்தாலே பதறிய வீட்டில் வளர்ந்தவன் நான். ஆகவே பித்தளை இதழ் ஒன்று லேசாக இருப்பதைப் பார்த்ததும் என் புத்தி சரியாக அது போகவேண்டிய இடத்துக்குப் போனது. லேசான இதழுக்கு எடை சேர்க்கவேண்டும். எதைச் சேர்ப்பது? மெல்லியதாக, கனமாக, சுற்றக்கூடியதாக.

பீரோவில் ஜரிகை இருந்தது. வெள்ளி ஏறிய சுத்த ஜரிகை. லேசான இதழின் அடியில் சுற்று மேல் சுற்றாகச் சுற்றினேன், ஒட்டும் பசையை ஒரு சொட்டு விட்டேன், பிளேடின்மேல் வைத்துப் பார்த்தேன், இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினேன். கடைசியில் ப்ரொப்பெல்லர் எப்படித் திருப்பினாலும் அப்படியே நின்றது. அழகாகவும் இருந்தது. முகூர்த்தச் சேலைக் கரைபோல் மின்னியது. போட்டோ எடுத்து நண்பருக்கு அனுப்பினேன். ஷிஃப்ட்டில் இருந்தவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

ஏரியில் அண்ணாவுக்குக் காட்டுகிற நாள். ப்ரொப்பெல்லரை நானே மாட்டிக் கப்பலைத் தண்ணீரில் இறக்கி வைத்திருந்தேன். இழுக்க எடை வேண்டுமே? லாரி டியூப் ஒன்றின்மேல் பலகையைக் கட்டினோம். "சாமி, குருக்கள், மண்டபம் எல்லாம் சேர்ந்த வெயிட்டுக்கு யாரை ஏத்தறது?" என்று நண்பர் கேட்டார். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து நேராக வந்திருந்தார், கண்கள் சிவந்திருந்தன. நான் அக்கம்பக்கம் பார்த்தேன். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எல்லோரும் என்றால் அண்ணாவும் நண்பரும் என் மனைவியும். என் மனைவி வந்தது எனக்கு நீச்சல் தெரியாது என்பதால்.

அன்றைக்கு மட்டும் ரிமோட் நண்பரிடம். கப்பல் புறப்பட்டது. நைலான் கயிறு இறுகியது. நான் நகர்ந்தேன். ஒரு பொம்மை என்னை இழுத்துக்கொண்டு போகிறது என்ற எண்ணமே சந்தோஷமாக இருந்தது. நடுக்கமில்லை, சத்தமில்லை. கொக்கு ஒன்று என்னை ஏளனமாகப் பார்த்தது. கரையில் அண்ணா நெற்றியில் கையை வைத்து உற்றுப் பார்ப்பது தெரிந்தது. கையைக்கூட ஆட்டினேன்.

ஏரியின் நடுவில் கப்பல் ஒருமுறை விக்கியது. பின்பக்கம் ஏதோ தங்க நிறத்தில் சுழன்றது. தண்ணீரில் பசை விட்டுப்போய், ஜரிகை இதழிலிருந்து அவிழ்ந்து தண்டைச் சுற்றிக்கொண்டு, அது நுழைகிற குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது, கப்பல் நின்றதும் அதன் கூரையிலிருந்து சாம்பிராணி போட்டதுபோல் புகை வந்ததும்தான்.

"சார்! கையால துடுப்பு போட்டுகினு வாங்க!" என்று நண்பர் கத்தினார்.

இரண்டு உள்ளங்கைகளால் ஏரியைத் தள்ளிக்கொண்டு நான் கரைக்கு வந்து சேர நல்ல நேரம் பிடித்தது. அதற்குள் அண்ணா வண்டியில் ஏறியிருந்தார். "மூணாம் நாள் காலைல குளத்துல காலித் தெப்பத்தை இழுத்துக் காட்டு. இழுத்தா பார்க்கலாம். இல்லனா வடக்குப் பக்கமே நிக்கட்டும்" என்றார். நியாயமான பேச்சுதான். அவர் குரலில் இருந்த நிம்மதிதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நண்பர் கப்பலைக் கவிழ்த்துத் தண்டை உருவினார். உள்ளேயிருந்து ஜரிகை கொத்தாக வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் அதை வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது?"

"ஜரிகை."

"ப்ரொப்பெல்லருக்கு இன்னாத்துக்கு சார் ஜரிகை? அதுக்குக் கல்யாணமா?"

"ஒரு இதழ் லேசா இருந்தது. அதான்..."

"கனமா இருக்கறத தேய்க்கணும் சார்! லேசா இருக்கறதுக்கு ஒட்டு போட்டா தண்ணி உட்டுருமா?" அவர் குரல் உடைந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தேன். "எங்க தெருவுல பந்தல் போட்டுகினு இருக்காங்க சார். நான் போய் இன்னான்னு சொல்லுவேன்?"

என் மனைவி கொத்தைக் கையில் வாங்கி நீவிப் பார்த்தாள். "இது சுத்த ஜரிகையில்ல?" என்று என்னைக் கேட்டாள். "பீரோவுல இருந்ததா? ஒரு முழம் கேட்டதுக்கு எனக்கு இல்லன்னீங்க. ஏரிக்குக் குடுத்தீங்களா?" பிறகு நண்பரைப் பார்த்து, "தேய்ச்சா சரியாவுங்களா?" என்றாள்.

"ஆவுங்க. ஆனா ஸ்பீடு கன்ட்ரோலர் எரிஞ்சி போச்சி. புதுசு வரதுக்குள்ள தெப்பம் முடிஞ்சிடும்."

"இவரு கப்பல்ல ஒண்ணு இருக்குமே."

இருந்தது. பேரனின் கப்பல் அன்று சாயங்காலமே திறக்கப்பட்டது. உள்ளிருந்ததை எடுத்து இழுவைப் படகில் வைத்துப் பார்த்துவிட்டு, மெதுவாக ஓட்டினால் தாங்கும் என்றார் நண்பர். பிறகு ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். ப்ரொப்பெல்லர் என்னிடம் வந்தது, ஒரு மெல்லிய அரத்தோடும், உப்புத்தாளோடும், "கனமானத மட்டும், பின்பக்கம் மட்டும், ஓரத்தைத் தொடாதீங்க" என்ற எச்சரிக்கையோடும்.

அரத்தை வைத்துவிட்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு முழுப்பொருளிலிருந்து கொஞ்சத்தை எடுத்துத் தூசியாக்கவேண்டும். என் பரம்பரை முழுக்க என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. முதல் இழுப்பில் அரம் பித்தளையைத் தொட்டதா என்பதே சந்தேகம். பிளேடின்மேல் வைத்தேன். கனமான இதழ் அவசரமில்லாமல் கீழே வந்து நின்றது. மறுபடி தேய்த்தேன். மறுபடி வந்தது. என் மனைவி காய் நறுக்கிக்கொண்டே பார்த்தாள். "அழுத்தித் தேய்ங்களேன். அதுக்கு வலிக்குமா இன்னா?" என்றாள்.

அழுத்தினேன். விரல்நுனியில் மஞ்சள் தூள் வந்தது. ஒரு கட்டத்தில் இதழ் கீழே வரத் தயங்கியது. அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதன்பின் அரத்தை வைத்துவிட்டு உப்புத்தாள். நாலு தேய்ப்பு, ஒரு பார்வை. கடைசியாக அது இதழைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. திருப்பினேன், நின்றது. தலைகீழாகத் திருப்பினேன், நின்றது. மின்விசிறியின் காற்றோ என்று சந்தேகப்பட்டு அதை அணைத்தேன். வியர்த்தது, ப்ரொப்பெல்லர் நின்றது. என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு விரலால் அதைச் சுற்றிவிட்டாள். அது சத்தமில்லாமல் சுற்றி, எந்த இதழுக்கும் சலுகை காட்டாமல் ஓய்ந்தது. "இதுக்குப் போய் ஜரிகை" என்றாள்.

மூன்றாம் நாள் காலையில் குளத்தில் காலித் தெப்பத்தைக் கட்டினோம். இம்முறை ரிமோட் என் கையில். முதல் இரண்டு நாளும் தெப்பம் வடக்குப் பக்கமாகவே போய் வந்திருந்தது. கப்பல் நகர்ந்தது. தெப்பம் நெடுநேரம் யோசித்துவிட்டு, அதன்பின் நகர்ந்தது. அண்ணா குனிந்து காதைக் கொடுத்தார். "ஓடுதா?"

"ஓடுதுண்ணா."

"சத்தமே காணோமே."

அந்த மனிதரின் முகத்தில் ஒரு கணம் வெறும் ஆச்சரியம் மட்டும் இருந்தது. தராசு முள் நடுவில் நிற்கும்போது வியாபாரிகளுக்கு வருகிற முகம். அடுத்த கணம் தலைவர் திரும்பி வந்துவிட்டார். "ஞாபகம் இருக்கட்டும். போற போக்குலதான்."

சாயங்காலம் தெற்குப் படித்துறை நிரம்பியிருந்தது. அதற்கு மேலே ரோடும் நிரம்பியிருந்தது. செய்யாரிலிருந்தும் தேவிகாபுரத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். நண்பர் புதுவேட்டியில், கையில் தட்டோடு, கடைசிப் படியில் நின்றார். அந்த வேட்டியில் அவருக்கு எப்படி நிற்பதென்று தெரியவில்லை. நான் கிழக்குக் கரையின் தெற்கு முனையில் ரிமோட்டோடு நின்றேன். பக்கத்தில் என் மனைவி. கப்பல் தெற்குக் கரையோரம் நேராக என்னை நோக்கி வரும், திருப்பவே வேண்டியதில்லை. இடது வலது குழப்பம் குறைவு. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் நண்பர்.

வடக்கிலும் மேற்கிலும் கயிற்றுக்காரர்கள் இழுத்தார்கள். தென்மேற்கு மூலையில் கயிற்றைத் தளரவிட்டார்கள். என் முறை. கட்டைவிரலை ஒரு மயிரளவு முன்னால் தள்ளினேன். விளக்கு வரிசையோடு தெப்பம் தெற்குக் கரையோரம் வர ஆரம்பித்தது. நாதஸ்வரம் வடக்குக் கரையில் வாசித்துக்கொண்டிருந்தது. தெற்குக் கரையில் எல்லோரும் தெப்பத்துக்கு முன்னால் தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். குருக்கள்கூடக் குனிந்து, இழுக்கிற ஜீவன் எங்கே என்று தண்ணீரைப் பார்த்தார்.

படித்துறை நெருங்கியது. நண்பர் தட்டை நீட்டிக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் சாமியைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க அவர் படுகிற பாடு எனக்குத் தெரிந்தது. வாய் திறந்து கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால், அண்ணா வேண்டாமென்றாரே என்று நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்திருப்பேன்.

கட்டைவிரலை எடுத்தேன்.

கப்பல் நின்றது. தெப்பம் தன் கனத்தில் மெதுவாக வந்து, கடைசிப் படியைத் தொட்டும் தொடாமல் நின்றது. குருக்கள் ஒருகணம் என் திசையில் பார்த்துவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார். தேங்காய் உடைந்தது. கற்பூரம் ஏறியது. தெற்குக் கரை மொத்தமும் ஒரே மூச்சை விட்டது.

"அர்ச்சனை யார் பேருக்கு?" என்று குருக்கள் கேட்டது தண்ணீர்மேல் தெளிவாக வந்தது.

நண்பர் தன் பெயரைச் சொல்லவில்லை. பின்னால் நின்ற ஒரு முதியவரை முன்னால் விட்டார். அவர் பெயர், நட்சத்திரம் சொன்னார். அடுத்து அவர் வீட்டார். அடுத்து அடுத்த வீட்டார். தெருவின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நட்சத்திரம் தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டார்கள். அவர்களும் தெரியாமல் சத்தமாக விவாதித்தார்கள்.

வடக்குக் கரையிலிருந்து "ஜல்தி! ஜல்தி இழு!" என்று ஒரு குரல் வந்தது. அண்ணாவுடையது. நாதஸ்வரத்தில் அது அமுங்கியது. பிறகு என் சட்டைப் பையில் போன் அடித்தது. ஓய்ந்தது. திரும்ப அடித்தது. என் இரண்டு கைகளும் ரிமோட்டில் இருந்தன. இரண்டு கட்டைவிரல்களும் காற்றில் இருந்தன. வாழ்க்கையில் பல சந்தர்ப்பங்களில் நான் ஒன்றும் செய்யாமல் நின்றிருக்கிறேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. அது யாருக்காவது உதவியது அன்றுதான்.

மூன்றாம் முறை அடித்தபோது என் மனைவி என் பைக்குள் கையைவிட்டு போனை எடுத்தாள். "சொல்லுங்க மாமா" என்றாள், அண்ணாவிடம். கேட்டாள். தலையை ஆட்டினாள்.

"அவரு கப்பல் ஓட்டிகினு இருக்காருங்க. இப்ப பேச முடியாதாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அக்கரையில் அடுத்த வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெயர் சொல்ல ஆரம்பித்தார்.